நசீர் அகமது வானி: கடைசி நாள் மட்டும்தான் நினைவா?

டெரிடோரியல் ஆர்மி என்று சொன்னால் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது தோனி. கிரிக்கெட் பார்க்காதவர்களுக்கு மோகன்லால். இருவருக்கும் அந்தப் படையில் கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி உண்டு. மோகன்லாலுக்கு 2009-ல் கொடுத்தார்கள், தோனிக்கு 2011-ல். தோனி 2019-ல் காஷ்மீருக்குப் போய்த் தன் பட்டாலியனோடு இரண்டு வாரம் தங்கினார். அந்த நாட்களில் நம் வாட்ஸ்அப் குழுக்களில் அவர் சீருடையில் நிற்கும் படங்கள் காலை வணக்கத்தை விட அதிகமாக வந்தன.

அதற்கு ஆறு மாதம் முன்பு, அதே ஆண்டு ஜனவரி 26 அன்று, டெல்லி குடியரசு தின விழாவில் இரண்டு பெண்கள் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் முன் வந்து நின்றார்கள். ஒருவர் ஒரு லான்ஸ் நாயக்கின் மனைவி. இன்னொருவர் அவருடைய தாய். அவர்கள் வாங்கிக்கொண்டது அசோக சக்ரா. போர்க்களத்துக்கு வெளியே காட்டும் வீரத்துக்கு இந்த நாடு கொடுக்கும் மிக உயர்ந்த விருது அதுதான். அந்த லான்ஸ் நாயக்கின் பெயர் நசீர் அகமது வானி. அவரும் டெரிடோரியல் ஆர்மிக்காரர்தான். கௌரவப் பதவி இல்லை, அசல் பதவி. அவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று நீண்ட நாளாக எண்ணம். அவரைப் பற்றி வந்த கட்டுரைகள் பெரும்பாலும் அவர் இறந்த ஒரு நாளைப் பற்றியவை. அந்த நாள் பெரிய நாள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு மனிதர் முப்பத்தெட்டு வயது வரை வாழ்ந்திருக்கிறார். அதில் பதினான்கு ஆண்டுகள் சீருடையில். அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு நாளை மட்டும் எடுத்து மாலை போடுவது சரியான மரியாதையா என்பதுதான் என் கேள்வி.

முதலில், இந்தப் படை என்ன என்று இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தமிழில் பிராந்திய ராணுவம் என்று எழுதுகிறார்கள். வேறு தொழிலில் இருக்கும் சாதாரணக் குடிமக்கள், ஆண்டில் சில வாரம் ராணுவப் பயிற்சி எடுத்துக்கொண்டு, நாடு கூப்பிடும்போது சீருடை போட்டுக்கொண்டு போவதற்காக வைத்திருக்கும் படை. சேருவதற்கு வயது 18 முதல் 42 வரை. கையில் ஒரு வேலையோ தொழிலோ இருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி, ஏனென்றால் இதை யாருக்கும் பிழைப்புக்கான வேலையாக அரசு நினைக்கவில்லை. காலாட்படைப் பிரிவுகள் தவிர ரயில்வே, எண்ணெய் நிறுவனங்கள் போன்ற துறைகளின் ஊழியர்களைக் கொண்ட பிரிவுகளும் உண்டு. சுண்ணாம்புக்கல் குவாரிகளால் மொட்டையாகிப்போன முசூரி மலைகளில் மரம் நட்டு மறுபடியும் பச்சையாக்கியது 1982-ல் தொடங்கிய ஒரு டெரிடோரியல் பட்டாலியன்.

இந்தப் படையை 1949 அக்டோபர் 9 அன்று முறைப்படி தொடங்கி வைத்தவர் யார் தெரியுமா? நம் ராஜாஜி. அப்போது அவர் கவர்னர் ஜெனரல். கதர் வேட்டி கட்டிய தொரப்பள்ளிக்காரர், காந்தியின் சம்பந்தி, ஒரு குடிமக்கள் படையைத் தொடங்கி வைத்தார் என்பது எனக்கு எப்போதும் சுவையான செய்தி. இன்றும் அக்டோபர் 9-ஐத்தான் பிராந்திய ராணுவ தினமாகக் கொண்டாடுகிறார்கள். நம் கோயம்புத்தூர் ரெட்ஃபீல்ட்ஸ் பக்கம் போகிறவர்களுக்கு 110-வது பட்டாலியன் தெரிந்திருக்கும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டோடு சேர்ந்த டெரிடோரியல் பட்டாலியன் அது. ஆள் சேர்ப்பு நடக்கும் நாட்களில் பல மாவட்டத்துப் பையன்கள் பையும் செருப்புமாக வந்து பிளாட்பாரத்தில் படுத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

1962, 1965, 1971 போர்களில் இந்தப் படை இருந்தது. இலங்கைக்கு நம் அமைதிப் படை போனபோதும் இருந்தது. பஞ்சாபிலும் வடகிழக்கிலும் காஷ்மீரிலும் பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. 2025 மே மாதம், எல்லையில் பதற்றமாக இருந்த அந்த நாட்களில், தேவைப்பட்டால் டெரிடோரியல் ஆர்மிக்காரர்களை அழைத்துக்கொள்ளலாம் என்று ராணுவத் தளபதிக்கு அரசு அதிகாரம் கொடுத்த செய்தியைப் படித்திருப்பீர்கள். மொத்தம் 32 காலாட்படைப் பட்டாலியன்களில் 14-ஐ அப்படி அழைக்கலாம் என்றார்கள். ஆக, தேவை வரும்போது நாடு இவர்களைக் கூப்பிடுகிறது. இவர்களும் போகிறார்கள்.

இனி வானிக்கு வருகிறேன்.

தெற்கு காஷ்மீரில் குல்காம் மாவட்டத்தில் செகி அஷ்முஜி என்ற கிராமம் அவருடையது. 2004-ல் 162-வது பட்டாலியனில் சேர்ந்தார். இது ஜம்மு காஷ்மீர் லைட் இன்ஃபன்ட்ரியோடு சேர்ந்த டெரிடோரியல் பட்டாலியன். அந்த மண்ணின் ஆட்களை அந்த மண்ணிலேயே பணியில் வைப்பதற்காக உருவான பிரிவுகளில் ஒன்று. மலைப்பாதை, ஆப்பிள் தோட்டம், ஊரின் சந்து பொந்து எல்லாம் வெளியூர் சிப்பாயை விட உள்ளூர்க்காரனுக்குத்தானே தெரியும்? அதுதான் கணக்கு. மற்ற டெரிடோரியல் பிரிவுகளைப் போல இரண்டு மாதம் பயிற்சி, பத்து மாதம் வீடு என்ற பேச்சு இவர்களிடம் இல்லை. காஷ்மீரின் நிலைமையில் இவர்கள் வருடம் முழுவதும் பணியில்தான்.

2007-ல் அவருக்கு சேனா பதக்கம் கிடைத்தது. 2018-ல் இரண்டாவது முறையாக அதே பதக்கம். அதாவது அசோக சக்ரா கிடைத்த அந்த நாளுக்கு முன்பே இரண்டு தடவை உயிரைப் பணயம் வைத்துத் திரும்பி வந்தவர் அவர். அந்த இரண்டு தடவையும் தலைப்புச் செய்தியில் அவர் பெயர் இல்லை. உயிரோடு திரும்பி வருகிறவனுக்கு நாலாம் பக்கத்தில் ஒரு வரி கிடைத்தால் அதிகம்.

2018 நவம்பர் 25. ஷோபியான் மாவட்டத்தில் பட்டாகுண்ட் என்ற கிராமம். ஒரு வீட்டில் ஆயுதங்களோடு ஆறு தீவிரவாதிகள் இருக்கிறார்கள் என்று தகவல். வானி அப்போது 34 ராஷ்ட்ரீய ரைபிள்ஸ் பட்டாலியனோடு பணியில் இருந்தார். அவர்கள் தப்பி ஓட வாய்ப்புள்ள வழியை அடைத்து நிற்கும் வேலை வானியின் குழுவுக்கு. சுற்றி வளைத்தது தெரிந்ததும் உள்ளே இருந்தவர்கள் சுட்டுக்கொண்டும் கையெறி குண்டு வீசிக்கொண்டும் வெளியேறப் பார்த்தார்கள். வானி தான் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. மிக நெருக்கத்தில் ஒருவரை வீழ்த்தினார். அதன்பின் இன்னொருவரை. தன் உடம்பில் குண்டு பாய்ந்த பிறகும் மூன்றாவது ஆளைக் காயப்படுத்தினார். ஆறு பேரும் அன்று கொல்லப்பட்டார்கள். மருத்துவமனைக்குக் கொண்டு போயும் வானி பிழைக்கவில்லை.

அடுத்த நாள் ஒரு படம் நாடெங்கும் பரவியது. செகி அஷ்முஜியில் வானியின் வயதான தந்தையை ஒரு ராணுவ அதிகாரி கட்டி அணைத்துக்கொண்டு நிற்கும் படம். நீங்கள் தனியாக இல்லை என்று ராணுவம் அந்தப் படத்தோடு எழுதியிருந்தது. பார்த்தவர்கள் யாரும் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். காஷ்மீரிலிருந்து அசோக சக்ரா பெறும் முதல் வீரர் என்று அடுத்த ஜனவரியில் பத்திரிகைகள் எழுதின.

அவர் மனைவி ஓர் ஆசிரியை. விருது வாங்குவதற்கு முன்பு செய்தியாளர்களிடம் பேசியபோது, கணவர் இறந்த செய்தி வந்தபோது தான் அழவில்லை என்றும், உள்ளுக்குள் இருந்த ஏதோ ஓர் உறுதி அழவிடவில்லை என்றும் சொன்னார். பிள்ளைகளை நல்ல குடிமக்களாக ஆக்குவது ஆசிரியை என்ற முறையில் தன் வேலை என்றும் சொன்னார். இரண்டு மகன்கள் அவர்களுக்கு. அந்த அம்மாள் மறுபடி பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சாக்பீஸைக் கையில் எடுத்த காலையில் எந்தப் பத்திரிகைக்காரரும் அங்கே இருந்திருக்க மாட்டார்.

இப்போது, பலர் சொல்லத் தயங்குகிற ஒரு விஷயத்துக்கு வருகிறேன். வானி படையில் சேர்வதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்? ஆரம்பத்தில் அவர் தீவிரவாதத்தின் பக்கம் இருந்து, அதை விட்டுத் திரும்பியவர் என்று அப்போதைய செய்திகள் கூறின. பிறகு இக்வான் என்று அழைக்கப்பட்ட குழுவில் இருந்தார் என்றும் கூறின. தொண்ணூறுகளின் நடுவில், ஆயுதத்தோடு சரணடைந்தவர்களைக் கொண்டு அரசுத் தரப்புக்காகத் தீவிரவாதிகளை எதிர்த்த குழுக்கள் அவை. அந்தக் குழுக்களைப் பற்றி காஷ்மீர் கிராமங்களில் நல்ல நினைவுகள் மட்டும் இல்லை. மிரட்டல், பணம் பறிப்பு, அதைவிட மோசமான குற்றச்சாட்டுகளும் அந்தக் குழுக்கள் மேல் உண்டு. பிற்பாடு அவர்களில் பலரை ராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள், ஒழுங்கான சீருடைக்குள் கொண்டுவந்தது 162 போன்ற பட்டாலியன்கள்தான்.

விருது கிடைத்தபோது நம் ஆட்கள் இதை இரண்டு விதமாகக் கையாண்டார்கள். ஒரு சாரார் இந்தப் பகுதியை அப்படியே விழுங்கிவிட்டார்கள். வீரர் என்றால் பிறந்ததிலிருந்தே வீரர் என்று இருக்க வேண்டும் அவர்களுக்கு. இன்னொரு சாரார் சினிமாக் கதை போல, கெட்டவன் நல்லவன் ஆனான் என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள். எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை.

யோசித்துப் பாருங்கள். அந்தத் தலைமுறையில், அந்த ஊரில் பிறந்த ஓர் இளைஞனுக்கு முன்னால் இருந்த வழிகள் எவ்வளவு? எந்தப் பக்கம் போனாலும் ஒரு துப்பாக்கி எதிரே நிற்கும் காலம் அது. அந்த நெருக்கடியில் ஒருவர் ஒரு முடிவெடுத்து, 2004-ல் கையெழுத்துப் போட்டு, அதன்பின் பதினான்கு வருடம் அந்த முடிவில் நின்றிருக்கிறார். அதுவும் எங்கே? தன்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்த ஊரில். முகத்தை மறைத்துக்கொள்ள முடியாத இடத்தில். பட்டாகுண்டில் அவர் காட்டிய துணிச்சல் சில மணி நேரத்துக்கு உரியது. செகி அஷ்முஜியில் பதினான்கு வருடம் தினமும் வீட்டுக்கதவைத் திறந்து வெளியே வந்த துணிச்சலை என்னவென்று சொல்வது? பழைய வாழ்க்கையை மறைத்துவிட்டால் இந்தத் துணிச்சலும் சேர்ந்து மறைந்துபோகும்.

சொந்த ஊரில் பணி என்றால் நமக்கு அது சலுகை மாதிரித் தெரியும். நாமெல்லாம் சொந்த ஊருக்கு டிரான்ஸ்பர் கேட்டு எத்தனை மனுப் போட்டிருப்போம்! அங்கே கதை வேறு. 2020 ஆகஸ்டில், பக்ரீத் சமயம் வீட்டுக்கு வந்துவிட்டு முகாமுக்குத் திரும்பிய ஓர் இளம் வீரரை ஷோபியானில் கடத்திக்கொண்டு போனார்கள். அவரும் 162-வது பட்டாலியன்தான். அவர் கார் எரிந்த நிலையில் கிடைத்தது. சில நாள் கழித்து உடைகள் கிடைத்தன. ஆள் கிடைக்கவில்லை. அவருடைய தந்தை மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாக மண்ணைத் தோண்டிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒரு வருடத்துக்கு மேல். 2021 செப்டம்பரில்தான் உடல் கிடைத்தது. அதுவரை காகிதத்தில் அந்தப் பையன் காணாமல் போனவர். வீர மரணம் என்று சொல்லி அழக்கூட அந்தக் குடும்பத்துக்கு வழியில்லை.

2024 அக்டோபர் 8 அன்று அனந்த்நாக் காட்டுப் பகுதியில் இரண்டு டெரிடோரியல் ஆர்மி வீரர்களைக் கடத்தினார்கள். ஒருவர் காயத்தோடு தப்பித்து வந்துவிட்டார். இன்னொருவரின் உடல் மறுநாள் கிடைத்தது. மறுநாள் என்றால் அக்டோபர் 9. ராஜாஜி அந்தப் படையைத் தொடங்கி வைத்துச் சரியாக 75 ஆண்டு நிறைவடைந்த தினம். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நம் முன்னோர்கள் இந்த விஷயத்தில் நம்மை விடத் தெளிவாக இருந்தார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கம் நடுகற்கள் நிறைய உண்டு. செங்கம் பகுதி நடுகற்களைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அதில் பல கற்கள் யாருக்கு? ஊர் மாட்டை எதிரி ஓட்டிக்கொண்டு போகும்போது கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடி, மீட்கும்போது செத்தவனுக்கு. காலையில் அவன் ஏர் ஓட்டியிருப்பான், மாடு மேய்த்திருப்பான். அன்றைய டெரிடோரியல் ஆர்மி என்று அவனைச் சொன்னால் தவறில்லை.

அந்தக் கல்லில் என்ன எழுதினார்கள்? எந்த அரசன் காலம், எந்த ஊர், அவன் யாருடைய ஆள், என்ன நடந்தது என்று எழுதினார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. அதில் வீரனோடு அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்து நின்றது என்று அந்த நாய்க்கும் கல்லில் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன்பு செத்த ஒரு கிராமத்தானுக்கு ஒரு நாய் இருந்தது, அதற்கு ஒரு பெயர் இருந்தது என்று இன்று நமக்குத் தெரிகிறது. அவன் ஊரார் அவனை எவ்வளவு நெருக்கமாகத் தெரிந்து வைத்திருந்தால் இது சாத்தியம்!

டெல்லியில் தேசியப் போர் நினைவகம் 2019 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. திறந்தபோது 25,942 வீரர்களின் பெயர்கள் கிரானைட் கற்களில் பொறிக்கப்பட்டிருந்தன. அவ்வளவு பேருக்கு ஒரே இடத்தில் அதற்கு மேல் எழுத முடியாது, புரிகிறது. மீதியை எழுத வேண்டியது ஊர். அவர் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார், சீருடை இல்லாத நாளில் என்ன தொழில் செய்தார், யாருக்கு என்ன உதவி செய்தார் என்பதெல்லாம் டெல்லிக்குத் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். டெரிடோரியல் ஆர்மிக்காரரின் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். முழுநேர ராணுவ வீரரை ரெஜிமென்ட் நினைவில் வைத்துக்கொள்ளும். இவர் பாதி வாழ்க்கையை நம்மோடு வாழ்ந்தவர். அந்தப் பாதிக்கு நாம்தான் சாட்சி.

இறந்தவரைப் பற்றிப் பேசிவிட்டோம். உயிரோடு திரும்பி வருகிறவரைப் பற்றியும் பேச வேண்டும். என் கருத்தில் உண்மையான சோதனை அங்கேதான் இருக்கிறது.

நான் வங்கியில் வேலை பார்த்த காலத்தில் எங்கள் கிளையில் ஒரு கிளார்க் டெரிடோரியல் ஆர்மியில் இருந்தார். வருடத்துக்கு இரண்டு மாதம் முகாமுக்குப் போய்விடுவார். ஒருமுறை அழைப்பு வந்து சேர்ந்தாற்போல் இரண்டு வருடத்துக்கு மேல் வடகிழக்கில் இருந்தார். முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, முகம் கறுத்து, எடை குறைந்து திரும்பி வருவார். வந்த மறுநாளே கேஷ் கவுன்ட்டரில் உட்கார்ந்துவிடுவார். "டூர் எல்லாம் முடிஞ்சுதா?" என்று சிலர் கேலி செய்வார்கள். ஆள் பற்றாக்குறையைச் சொல்லி மேனேஜர் முணுமுணுப்பார். அவர் சிரித்துக்கொண்டே நோட்டை எண்ணிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "எனக்கு பேங்க் பென்ஷன் வந்துருமுங்க சார். என்ர கூட ஒரே டென்ட்ல இருந்தவனுக்கு ஊர்ல தறிதானுங்க. எட்டு வருசம் மொத்தமா எங்க கூட இருந்தான். இப்ப அவன் எக்ஸ் சர்வீஸ்மேன் கூட இல்லீங்க."

அது எப்படி என்று அப்போது விசாரித்தேன். விதி இப்படி: டெரிடோரியல் ஆர்மியில் சீருடையோடு பணிக்கு அழைக்கப்பட்ட நாட்கள் மட்டும்தான் கணக்கு. அதை எம்பாடிமென்ட் என்பார்கள். வீட்டுக்கு அனுப்பி வைத்தால் கணக்கு நின்றுவிடும். சிப்பாய்களுக்கு இப்படிப்பட்ட நாட்களைத் துண்டு துண்டாகக் கூட்டிப் பதினைந்து வருடம் வந்தால்தான் பென்ஷன். முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் பென்ஷன் வாங்குகிறவருக்கு, பணியால் ஊனமுற்றவருக்கு, வீர விருது பெற்றவருக்கு மட்டும்தான். இந்த மூன்றிலும் வராதவர், எத்தனை வருடம் மலையிலும் பனியிலும் நின்றிருந்தாலும், வேலைவாய்ப்பில் இட ஒதுக்கீடு உட்பட முன்னாள் படைவீரருக்கு உரிய எதையும் கேட்க முடியாது.

இப்போது வானியின் கணக்கைப் பாருங்கள். 2004-ல் சேர்ந்தார். 2018-ல் இறந்தார். ஒரு நாள் இடைவெளி இல்லாமல் சீருடையில் இருந்திருந்தாலும் அவருக்குப் பதினைந்து வருடம் நிறையவில்லை. அவரைப் போலவே சேர்ந்து, அவரைப் போலவே நின்று, குண்டு படாமல், பதக்கமும் வாங்காமல், பதினான்காம் வருடத்தில் வீட்டுக்கு அனுப்பப்படும் ஒரு சிப்பாயை நினைத்துப் பாருங்கள். செத்திருந்தால் தேசியக்கொடி போர்த்தியிருப்பார்கள். உயிரோடு வந்ததால் அவர் பகுதி நேர ஊழியர்.

இதற்கு மறுப்பு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இது விருப்பப்பட்டுச் சேரும் படை, விதிகளைத் தெரிந்துகொண்டுதானே கையெழுத்துப் போட்டார்கள் என்பார்கள். குறைந்த செலவில் ஒரு பின்பலப் படை வேண்டும் என்பதுதானே நோக்கம், எல்லோருக்கும் பென்ஷன் என்றால் அந்த நோக்கமே போய்விடுமே என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வருடத்துக்கு இரண்டு மாதம் முகாமுக்குப் போய்வருகிறவருக்குப் பென்ஷன் கொடுங்கள் என்று நானும் கேட்கவில்லை.

ஆனால் 1949-ல் நினைத்த படை வேறு, இன்று இருக்கும் படை வேறு. அன்று நினைத்தது, அமைதிக்காலத்தில் தன் தொழிலைப் பார்த்துக்கொண்டு, போர் வந்தால் மட்டும் வரும் குடிமகனை. இன்று காஷ்மீரில் பல பட்டாலியன்கள் வருடக்கணக்கில் பணியிலேயே இருக்கின்றன. ஏழெட்டு வருடம் தொடர்ந்து துப்பாக்கியோடு நின்ற ஒருவர் ஊருக்கு வந்து விட்ட தொழிலை மறுபடி பிடிப்பது அவ்வளவு சுலபமா? தறி ஓட்டியவரின் இடத்தில் வேறொருவர் நிற்பார். லாரி ஓட்டியவரின் வண்டி வேறு கைக்குப் போயிருக்கும். வேலையைத் தர வேண்டியது முதலாளியின் கடமை என்று சட்டம் சொன்னாலும், நான்கு தறி வைத்திருக்கும் சின்ன முதலாளியிடம் போய் யார் சட்டம் பேசுவது? வங்கி, ரயில்வே என்று இருப்பவர்கள் தப்பித்தார்கள். மற்றவர்கள்?

வேலையின் தன்மை மாறியபோது விதியும் மாறியிருக்க வேண்டும். பதினைந்து வருடம் வந்தால் முழுசு, இல்லாவிட்டால் முன்னாள் படைவீரர் என்ற பெயர்கூட இல்லை என்பதற்குப் பதிலாக, பணியில் இருந்த வருடங்களுக்கு ஏற்றபடி ஏதாவது ஓர் ஓய்வூதியம் கொடுக்கலாம். அபாயகரமான பகுதியில் குறிப்பிட்ட ஆண்டுகள் நின்றவருக்கு முன்னாள் படைவீரர் அட்டையாவது கொடுக்கலாம். பணத்தை விட அந்த அட்டை பெரிது என்று அந்த கிளார்க் நண்பர் சொல்வார். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் படியை ஏறிப்போய், நானும் இருந்தேன் என்று சொல்ல ஒரு சான்று வேண்டும் இல்லையா?

சட்டம் மாறுவதற்கு நாளாகும். நாம் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. நம் ஊரிலும் டெரிடோரியல் ஆர்மியில் இருந்தவர்கள் இருக்கிறார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் விசாரித்தால் தெருவுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் ஊருக்கு ஒருவர் கிடைப்பார். வாக்கிங் போகும்போது முதுகு வளையாமல் நடக்கும் ஒருவரை எல்லோரும் பார்த்திருப்போம். அவரிடம் உட்கார்ந்து, எங்கே இருந்தீர்கள், யாரோடு இருந்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதைப் பேரப்பிள்ளைகளை விட்டு செல்போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். அவரோடு போய்த் திரும்பி வராதவரைப் பற்றியும் அவர்தான் சொல்லுவார். இறந்துபோன சிப்பாய்க்கு மகன் இருக்கலாம், மனைவி இருக்கலாம். ஆனால் அந்த டென்ட்டில் இரவில் அவர் என்ன பாடினார், எதற்குப் பயந்தார் என்பது கூட இருந்தவருக்கு மட்டும்தான் தெரியும். அவர்களுக்கும் வயதாகிக்கொண்டு வருகிறது.

பள்ளி ஆண்டு விழாக்களுக்கும் சுதந்திர தினக் கொடியேற்றத்துக்கும் நம்மில் பலரை அழைக்கிறார்கள். ஓய்வு பெற்ற அதிகாரி என்று மேடையில் நாற்காலி போடுகிறார்கள். அடுத்த முறை அழைத்தால், அந்த நாற்காலியில் இப்படி ஒருவரை உட்கார வையுங்கள் என்று சொல்லலாம். அந்தப் பிள்ளைகளுக்கு நசீர் அகமது வானியைப் பற்றியும் சொல்லச் சொல்லலாம். எப்படி இறந்தார் என்பதோடு நிறுத்தாமல், எங்கே பிறந்தார், எந்த வழியில் போனார், எப்படித் திரும்பினார், பதினான்கு வருடம் யார் நடுவில் வாழ்ந்தார், அவர் மனைவி இப்போது என்ன வேலை செய்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நவம்பர் 25 அவருடைய நினைவு நாள். அக்டோபர் 9 அவருடைய படையின் நாள். இரண்டையும் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். உங்கள் ஊரில் டெரிடோரியல் ஆர்மியில் இருந்தவர் யாராவது இருந்தால், அவரிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். அவர் அனுமதித்தால் அதையும் இங்கே எழுதுகிறேன்.